சீனி என்ற பெயரும் இடுப்பின் கணக்கும்

எங்கட ஊரில் ஒருவருக்கு இந்த நோய் வந்துவிட்டால் "அவருக்குச் சீனி இரிக்கி" என்றுதான் சொல்வார்கள். காணி இருக்கிறது, கடை இருக்கிறது என்பதைப் போல அதையும் ஓர் உடைமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். பழைய ஆட்கள் சலரோகம் என்பார்கள். பாடப்புத்தகத்தில் நீரிழிவு, சித்த வைத்தியத்தில் மதுமேகம். சலரோகமும் நீரிழிவும் சிறுநீர் அடிக்கடி போவதைப் பார்த்து வைத்த பெயர்கள். மதுமேகம் அந்தச் சிறுநீரின் இனிப்பைப் பார்த்து வைத்தது. எங்கட சீனி மட்டும் நோயாளியின் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்து வைத்தது போலிருக்கிறது. தமிழ் படித்தவள் என்பதால் சொற்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குண்டு. ஆனாலும் இந்தப் பெயர் ஒரு பிழையான எண்ணத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது என்பதை, என் சொந்த இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாளில்தான் விளங்கிக்கொண்டேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று.

"நான் சீனி கூடப் போடுறல்ல, எனக்கு எப்படி வந்த?" என்று கேட்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோயின் பெயர் சீனி என்றால் சீனி தின்னாதவருக்கு அது வரக்கூடாதுதானே.

என் வாப்பாவுக்கு இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வலது காலின் பெருவிரலை எடுத்தார்கள். அடுத்த வருடம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கடைசி மூன்று வருடமும் கதிரையில் இருந்துதான் தொழுதார். உம்மாவுக்கு இப்போதும் இருக்கிறது. ராத்தாவுக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வந்து, பிள்ளை பிறந்ததும் போய், ஏழு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து நிலைத்துவிட்டது. ஆகவே என் துண்டில் 114 என்ற எண்ணைக் கண்டபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. வரிசையில் என் முறை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

"வாப்பாக்கும் இருந்த, எனக்கும் இரிக்கி, உனக்கு வராம எங்க போற? அல்லாஹ் நாடினதுதான் புள்ள" என்றார் உம்மா.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

114 என்றால் என்ன? இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் காலையில் எடுக்கும் இரத்தத்தில், ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே குளுக்கோசு இருந்தால் அது வழமையான அளவு. 126 அல்லது அதற்கு மேல் என்றால், இன்னொரு தடவை சோதித்து உறுதிப்படுத்தியபின், நீரிழிவு. இரண்டுக்கும் இடைப்பட்டதை முன்நீரிழிவு என்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி பரிசோதனையில் அதே இடைநிலை 5.7 முதல் 6.4 வரை. எனக்கு இன்னும் நோய் வரவில்லை, ஆனால் நோயின் வாசற்படியில் நிற்கிறேன். இந்தப் படியில் நிற்பவருக்குத் தாகமும் இல்லை, களைப்பும் இல்லை, ஒரு அறிகுறியும் இல்லை. சோதித்துப் பார்த்தாலன்றித் தெரியாது. 2005, 2006 காலப்பகுதியில் இலங்கையில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இருபது வயதைக் கடந்தவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் நீரிழிவிலோ முன்நீரிழிவிலோ இருந்தனர். நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தமக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை. எங்கட கணக்கை அப்போது யாரும் எடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கிளினிக்கில் இருந்த வைத்தியர் என் உணவைப் பற்றி முதலில் ஒன்றும் கேட்கவில்லை. உயரத்தையும் நிறையையும் எடுத்தார். 155 சென்ரிமீற்றர், 68 கிலோ. ஊர்க் கண்ணுக்கு அது பருத்த உடம்பல்ல. "டீச்சர் நல்லாரிக்கிறீங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நிறையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் திணிவுச் சுட்டி. எனக்கு 28.3 வந்தது. உலகப் பொது அட்டவணையில் 25 முதல் 30 வரை மிகைநிறை, 30க்கு மேல்தான் உடற்பருமன். ஆனால் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கென்று வேறு எல்லைகளைச் சொன்னது. 23ஐத் தாண்டினால் கவனம், 27.5ஐத் தாண்டினால் அதிக ஆபத்து. அந்தக் கணக்கில் நான் மேல் எல்லையையும் கடந்துவிட்டேன்.

பிறகு தாதி ஓர் அளவு நாடாவை எடுத்தார். விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். எங்கட நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. என்னுடையது 92. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் இது எப்படித் தெரியாமல் இருந்தது என்று யோசித்தேன். அபாயாவுக்கு இடுப்பளவு கிடையாது. ஆண்களின் சாரத்துக்கும் கிடையாது. காற்சட்டை போடுகிறவனுக்குப் பொத்தானாவது சொல்லிக்கொடுக்கும்.

இடுப்புக்கும் இரத்தத்தில் உள்ள சீனிக்கும் என்ன தொடர்பு? வெள்ளாமை வெட்டி முடிந்த காலத்தில் எங்கட பக்கத்து வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். நெல்லு மூடைகள் முதலில் அதற்கென்று உள்ள அறைக்குப் போகும். அறை நிறைந்தால் விறாந்தையில் அடுக்குவார்கள். விறாந்தையும் நிறைந்தால் நடுவீட்டுக்கும் குசினிக்கும் வந்துவிடும். பிறகு அந்தக் குசினியில் நின்று சமைக்க முடியாது. உடம்பில் கொழுப்புக்கென்று உள்ள அறை தோலுக்குக் கீழே இருக்கிறது. தேவைக்கு மேல் தின்றதெல்லாம் முதலில் அங்கே போகும். அது நிறைந்தபின் வயிற்றுக்குள், குடலைச் சுற்றி, ஈரலுக்குள், சதையிக்குள் என்று கொழுப்பு அடுக்கப்படுகிறது. தெற்காசிய உடம்புகளில் இந்த முதல் அறை சிறியது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். வெள்ளைக்காரருக்கு 95 கிலோவில் வழிகிற களஞ்சியம் எங்கள் ஆட்களுக்கு 68 கிலோவிலேயே வழியலாம். அறையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு என்பதால்தான் பருத்த மாமிக்கு ஒன்றும் இல்லாமலும் மெல்லிய சாச்சாவுக்குச் சீனி இருந்தும் பார்க்கிறோம்.

கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. "போதும், குளுக்கோசை விடாதே" என்று இன்சுலின் சொன்னாலும் இரவு முழுவதும் இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். இரவைக்கு ஒன்றும் தின்னாமல் படுத்தும் காலையில் எண் ஏறி நிற்பது இதனால்தான். அதைச் சமாளிக்கச் சதையி வருடக்கணக்கில் மேலதிக இன்சுலின் சுரக்கிறது. அதற்குள்ளேயும் கொழுப்புப் போய்ச் சேர்ந்து, அது களைத்துப்போகும் நாளில்தான் நமக்கு "சீனி வந்திட்டு". சீனி வந்தது அன்றைக்கு, ஆனால் மூடை அடுக்கத் தொடங்கியது பத்து வருடத்துக்கு முன்பு.

இந்த மூடைகளை இறக்கினால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உம்மாவின் வாக்கியத்துக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. எல்லோரும் என்னைப் போல் வாசற்படியில் நின்றவர்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு இரண்டே இரண்டு: உடல் நிறையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற உடற்பயிற்சி செய்வது. மூன்று வருடத்தில், ஒன்றும் செய்யாத குழுவில் நூற்றுக்கு 29 பேர் நோயாளிகளானார்கள். இந்தக் குழுவில் 14 பேர். மெட்போர்மின் மாத்திரை எடுத்தவர்களில் 22 பேர். நடை மாத்திரையை வென்றது.

அது அமெரிக்கக் கதை என்று சொல்லலாம். அதனால் சென்னையில் வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய, 2006இல் வெளிவந்த ஆய்வைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அங்கே ஒன்றும் செய்யாதவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளானார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேர். இதில் நல்ல செய்தியும் இருக்கிறது, பயங்காட்டும் செய்தியும் இருக்கிறது. அமெரிக்கக் குழுவின் சராசரித் திணிவுச் சுட்டி 34, சென்னைக் குழுவினுடையது 25.8 மட்டுமே. மெல்லிய உடம்போடு இருந்தும் எங்கள் பக்கத்து மக்கள் இரண்டு மடங்கு வேகத்தில் வாசற்படியைத் தாண்டினார்கள். அவர்களில் வாப்பா உம்மாவுக்கு நோய் இருந்தவர்களும்தான் இருந்தார்கள். குடும்பத்தில் இருக்கிறது என்பது தீர்ப்பல்ல, முன்கூட்டிக் கிடைத்த தகவல். அல்லாஹ் நாடியதில் அந்தத் தகவலும் அடங்கும் என்று உம்மாவிடம் சொன்னேன். "நீ டீச்சர்தானே, கதைக்கத் தெரியும்" என்றார்.

68 கிலோவில் 7 சதவீதம் 4.8 கிலோ. இருபது கிலோ குறைக்கச் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே கைவிட்டிருப்பேன்.

ஆனாலும் முதல் முயற்சி கோமாளித்தனமாக முடிந்தது. ஒரே அடியாகச் சோற்றை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் 4 கிலோ குறைந்தது. ஸ்டாப் ரூமில் பாராட்டினார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. மாத முடிவில் 5 கிலோ ஏறியிருந்தது. ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஒரு பானையும் எனக்கு மட்டும் இன்னொரு பானையும் என்று எத்தனை நாளைக்குச் சமைப்பது? எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று வைத்துக்கொண்டபின்தான் விடயம் நகர்ந்தது.

முதலில் தேத்தண்ணியைக் கணக்கெடுத்தேன். ஸுபஹுக்குப் பிறகு ஒன்று, பாடசாலைக்குப் போனதும் ஒன்று, இடைவேளையில் ஒன்று, வீட்டுக்கு வந்து ஒன்று, அஸருக்கு ஒன்று, இஷாவுக்குப் பிறகு ஒன்று. ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி, கரண்டிக்கு ஐந்து கிராம். தொண்ணூறு கிராம் சீனி, 360 கலோரி. ஏறத்தாழ 275 கிராம் சோற்றில் உள்ள சக்தியைத் தினமும் நான் குடித்துக்கொண்டிருந்தேன், வயிறும் நிறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைக் கரண்டி என்று இறக்கினேன். இப்போது அரைக் கரண்டியில் நிற்கிறது, அதற்குக் கீழே போக என் நாக்கு ஒப்பவில்லை. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி கடித்துக் குடித்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு ஒரு சொல்: கருப்பட்டியும் சீனிதான், நிறம்தான் வேறு.

தட்டு அடுத்தது. எங்கட சமையலில் மரக்கறி ஒரு விருந்தாளி. வந்தால் வரும், வராவிட்டால் யாரும் தேடுவதில்லை. இப்போது பாதித் தட்டுக்கு முருங்கையிலை, பயற்றங்காய், கோவா, வல்லாரைச் சம்பல் என்று ஏதாவது இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கால்வாசி மீன், இறைச்சி அல்லது பருப்பு. மீதிக் கால்வாசிதான் சோறு. மரக்கறியையும் மீனையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகான குளுக்கோசு ஏற்றம் குறைகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. சிவப்பரிசி நல்லது, குரக்கன் நல்லது. ஆனால் குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று நினைத்து இரண்டு குழல் தின்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். குரக்கனும் மாவுதான். பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு அதே சோற்றுமலையைத் தின்பதும் இந்த வகையில்தான் சேரும்.

சஹன் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை முடியாது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவதில் உள்ள ஒற்றுமையை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதில் எந்தக் கை எவ்வளவு எடுத்தது என்பது எடுத்தவருக்கே தெரியாது. குறையக் குறையக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க ஒருவர் முதலில் கையெடுப்பது மரியாதையில்லை. "என்ன டீச்சர், கறி சரியில்லையா?" என்று வீட்டுக்காரி கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு இரண்டு பிடி கூடத் தின்றே ஆக வேண்டும். வயிற்றை மூன்றாகப் பிரிக்கச் சொன்ன ஹதீஸை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். சஹனில் இருக்கும்போது ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. இப்போது நான் செய்வது சின்ன வேலைதான். தனக்கு முன்னால் உள்ளதைச் சாப்பிடுவதுதானே சுன்னத். என் பக்கத்தில் இவ்வளவு என்று கண்ணால் ஓர் எல்லை கீறிக்கொள்வேன். அது முடிந்தால் ஓர் எலும்பை எடுத்து மற்றவர்கள் எழும்பும்வரை மெல்லக் கடித்துக்கொண்டிருப்பேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நோன்பு மாதத்தில் நிறை குறையும் என்று நினைத்தால் தவறு. எனக்கு ஒவ்வொரு நோன்புக்கும் இரண்டு கிலோ ஏறும். பள்ளிக் கஞ்சி குற்றவாளியல்ல. அதற்குப் பிறகு வருகிற சமூசாவும் ரோல்ஸும் கட்லட்டும் சர்பத்தும்தான், அதற்கும் பிறகு வருகிற இராச் சாப்பாடுதான். போத்தல் பானங்களில் 2016 முதல் சீனி அளவுக்கு நிற அடையாளம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. செம்மஞ்சளைக் கண்டு ஏமாறக் கூடாது. 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான். 330 மில்லிலீற்றர் குடித்தால் 33 கிராம், ஆறரைக் கரண்டி.

நடை எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ஆண்களுக்கு ஸுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போக ஒரு தடையும் இல்லை. (போகிறார்களா என்பது வேறு கேள்வி.) பெண்ணொருத்தி கையில் பையில்லாமல் வேகமாக நடந்தால் நான்கு வாசலில் நின்று "எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்பது எங்கட ஊரில் ஒரு பதிலல்ல. முதல் மூன்று மாதமும் வீட்டு வளவுக்குள்ளேயே சுற்றினேன். ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று நாற்பது கொட்டைகளை ஒரு சிரட்டையிலிருந்து மற்றதற்கு மாற்றுவேன். பிறகு பாடசாலையில் நான்கு ஆசிரியைகள் சேர்ந்து, அதிபரிடம் கேட்டு, பின்னேரம் மைதானத்தில் நடக்கத் தொடங்கினோம். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதற்குத் தனிப் பலன் உண்டு. வேலை செய்கிற தசை இன்சுலினின் உதவி பெரிதாக இல்லாமலே இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நேராகப் பாயில் சாய்வதைத் தள்ளிவைத்ததே எனக்குப் பெரிய மாற்றம்.

பதினொரு மாதத்தில் 63.5 கிலோவுக்கு வந்தேன், இடையில் நோன்புக்கு ஒரு தடவை ஏறி இறங்கித்தான். இடுப்பு 86. இன்னும் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறேன். காலை இரத்தம் 99.

நோய் வந்துவிட்டவர்களுக்கும் இது பொருந்துமா என்று ராத்தா கேட்டார். பிரித்தானியாவில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களை வைத்திய மேற்பார்வையில் கடுமையாக நிறை குறைக்க வைத்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமலே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். ஆனால் இன்சுலினோ சீனி குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நோன்பு பிடிப்பதற்கும் இதே பேச்சுத்தான், முன்கூட்டியே போய்க் கேட்க வேண்டும். முயற்சி ஒன்றும் செய்யாமலே ஒருவருக்கு நிறை வேகமாகக் குறைந்து தாகமும் அதிகமானால் அது நல்ல செய்தியல்ல, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ராத்தாவைப் போல் கர்ப்ப காலத்தில் வந்து போனவர்கள், போய்விட்டது என்று இருந்துவிடாமல் வருடத்துக்கு ஒரு தடவையாவது சோதித்துப் பார்ப்பது நல்லது. எங்கட வீட்டில் அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஏழு வருடம் அப்படித்தான் போனது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளோடு இணைந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகவே சோதிக்கிறார்கள். அங்கே நான் போன நாட்களில் வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் வருவதில்லை. எங்கட அவரும் இன்னும் வரவில்லை. வயது நாற்பத்தொன்பது, இடுப்பை அளக்க விட்டதில்லை, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பதே அவருடைய பரிசோதனை அறிக்கை. ஷஃபான் பிறந்ததும், நோன்புக்கு முன்பாக, கூட்டிக்கொண்டு போவதாகப் பேசி முடித்திருக்கிறேன். எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும் என்றதும், "அதுக்கு நோன்பே புடிக்கலாமே" என்றார். தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.